தூண்களை அளந்த கல்தச்சர்

இத்தாலியின் வடகிழக்குப் பகுதியில் பதுவா என்னும் பழமையான நகரம் உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் அது வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்தது. அந்நகரில் 1508ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பியத்ரோ என்பவருக்கு ஒரு மகன் பிறந்தான். அன்று புனித ஆண்ட்ரூவின் திருநாள். குழந்தைக்கும் ஆண்ட்ரியா என்றே பெயர் வைத்தனர். பியத்ரோ மாவாலைகளில் உழைத்துப் பிழைத்தவர். அவருக்குச் சொத்தும் இல்லை, ஊரார் மதிக்கும் குலப்பெயரும் இல்லை. படகோடு தொடர்புடைய ஒரு பட்டப்பெயரால்தான் மக்கள் அவரை அழைத்தார்கள்.

ஆண்ட்ரியாவுக்குப் பதின்மூன்று வயது ஆகும்முன்பே, பியத்ரோ அவனைக் கல்தச்சர் ஒருவரிடம் தொழில் பழக அனுப்பினார். ஆறு ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனால், சிறுவனுக்கு அந்தப் பட்டறையில் நிலைக்க முடியவில்லை. 1523இல் அவன் அருகிலுள்ள விச்சென்சா நகருக்கு ஓடிப்போனான். ஒப்பந்தத்தை மீறிய குற்றத்திற்காக மீண்டும் பதுவாவுக்கே அழைத்து வரப்பட்டான். அடுத்த ஆண்டு மறுபடியும் விச்சென்சாவுக்குச் சென்றான். இம்முறை அவனைத் திருப்பி அனுப்ப யாராலும் முடியவில்லை. அவ்வூர்க் கல்தச்சர் சங்கத்தில் அவன் பெயர் பதிவாகியது. பெதமூரோ என்ற இடத்தில் இருந்த பெயர்பெற்ற பட்டறை ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது.

அடுத்த பதினான்கு ஆண்டுகள் ஆண்ட்ரியாவின் வாழ்க்கை உளியோடும் சுத்தியலோடும் கழிந்தது. வாசல் நிலைகள், சன்னல் சட்டங்கள், கல்லறைகள், தேவாலயப் பலிபீடங்கள் ஆகியவற்றை அப்பட்டறை செதுக்கிக் கொடுத்தது. தூண்களும் அங்கே உருவாயின. ஒரு தூணை அடியிலிருந்து நுனிவரை கையால் செதுக்கியவனுக்கு, அதன் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம் ஆகிவிடும். அடிப்பகுதியில் கோலைப் போல உருண்டு நிற்கும் வளையம், நடுவில் உயர்ந்து செல்லும் தண்டு, உச்சியில் இருக்கும் தலைப்பகுதி, அதன்மேல் கிடைமட்டமாக அமரும் உத்திரம், உத்திரத்துக்கு மேலே ஒரு பட்டை, அதற்கும் மேலே மழைநீர் சுவரில் வழியாதபடி வெளியே நீண்டிருக்கும் விளிம்பு என எல்லாமே கல்தச்சர்களுக்குத் தெரிந்தவைதாம். ஆனால், ஒவ்வொன்றும் ஏன் அந்த அளவில் இருக்க வேண்டும் என்ற கேள்வி பட்டறையில் எழுவதில்லை. முதலாளி கொடுக்கும் வரைபடத்தைப் பார்த்துச் செதுக்குவதே வழக்கம்.

1534இல் ஆண்ட்ரியா ஒரு தச்சரின் மகளான அல்லெக்ரதோன்னாவை மணந்தார். நான்கு மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர். வேறு எதுவும் நிகழாதிருந்தால், நல்ல கல்தச்சர் என்ற பெயரோடு அவர் வாழ்ந்து மறைந்திருப்பார். இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

1530களின் இறுதியில் அந்த வாழ்க்கை திசை மாறியது. விச்சென்சாவில் ஜான் ஜோர்ஜோ திரிசினோ என்ற செல்வந்தர் இருந்தார். அவர் கவிஞர், கிரேக்கமும் லத்தீனும் கற்றவர். நகருக்கு வெளியே இருந்த தம் மாளிகையைப் பழைய ரோமானியர்களின் முறைப்படி புதுப்பித்துக்கொண்டிருந்தார். அங்கு நடந்த கட்டட வேலையின் தொடர்பில்தான் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்ட்ரியா அவருடைய பார்வையில் பட்டதாகச் சொல்வார்கள். கூலிக்கு வேலை செய்யும் ஒருவரைத் தம் வீட்டுக்குள் அழைத்து, கணிதமும் இசையும் பழைய நூல்களும் கற்பிப்பது அக்காலத்துச் செல்வந்தர்களின் வழக்கமன்று. திரிசினோ அதைச் செய்தார். கிரேக்கர்களின் அறிவுத் தெய்வமான பல்லாஸ் அத்தீனாவை நினைவூட்டும் வகையில் பல்லாடியோ என்ற புதிய பெயரையும் கொடுத்தார். ஆண்ட்ரியா பல்லாடியோ என்ற பெயர் அப்படித்தான் பிறந்தது.

திரிசினோ அவருக்கு அறிமுகப்படுத்திய நூல்களுள் முதன்மையானது விட்ருவியஸ் எழுதியது. விட்ருவியஸ் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர். அவர் எழுதிய பத்துப் பாகங்களில் தூண்முறைகளைப் பற்றிய விளக்கங்கள் உள்ளன. தூண்முறை என்பது தூணின் வடிவத்தை மட்டும் குறிப்பதன்று. அடி, தண்டு, தலை, உத்திரம், பட்டை, விளிம்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இடையே உள்ள அளவுப் பொருத்தத்தையும் அது குறிக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மாற்ற வேண்டும்.

டோரிக் தூண்முறை ஆணின் உடலைப் போல உறுதியானது என்றும், அயோனிக் தூண்முறை பெண்ணின் உடலைப் போல மெலிந்தது என்றும் விட்ருவியஸ் எழுதினார். கொரிந்தியன் தூணைப் பற்றி அவர் ஒரு கதையே சொல்கிறார். கொரிந்து நகரில் ஓர் இளம்பெண் இறந்துபோனாள். அவளை வளர்த்த செவிலித்தாய், அவள் விரும்பிய பொருள்களை ஒரு கூடையில் இட்டு, மேலே ஓர் ஓட்டை வைத்து மூடி, கல்லறைமீது வைத்தாள். கூடைக்கு அடியில் இருந்த அகாந்தஸ் செடி தளிர்விட்டு, கூடையைச் சுற்றி வளர்ந்தது. ஓட்டின் மூலைகளில் முட்டிய இலைகள் சுருண்டு வளைந்தன. அவ்வழியே சென்ற கல்லிமக்கஸ் என்ற சிற்பி அதைப் பார்த்து, அதே வடிவத்தில் தூணின் தலையைச் செதுக்கினாராம். கதை உண்மையோ இல்லையோ, கொரிந்தியன் தூணின் தலையைப் பார்ப்பவருக்கு அந்தக் கூடை உடனே தெரியும்.

இத்தனை சுவையான நூலிலும் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. விட்ருவியஸின் லத்தீன் கடினமானது. அவர் பயன்படுத்திய கலைச்சொற்களுள் பல கிரேக்கச் சொற்கள். அவர் சேர்த்திருந்த படங்களோ காலப்போக்கில் தொலைந்துவிட்டன. சொல்லைப் படித்த அறிஞர்களுக்குக் கல்லைத் தெரியாது. கல்லைச் செதுக்கியவர்களுக்குச் சொல் தெரியாது. இரண்டையும் அறிந்தவர் பல்லாடியோ. ஆகவே, நூலில் உள்ளது சரிதானா என்று கட்டடங்களிடமே கேட்டுப் பார்க்க அவர் விரும்பினார்.

1541இல் திரிசினோவுடன் அவர் ரோமாபுரிக்குச் சென்றார். பேரரசர்கள் உலவிய பழைய மன்றத்தில் அப்போது மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தூண்கள் பாதி உயரத்துக்கு மண்ணில் புதைந்திருந்தன. அதைவிடக் கொடுமை ஒன்றும் நடந்தது. புதிய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்பதற்காகப் பழைய பளிங்குக் கற்களைச் சூளையில் இட்டு எரித்தார்கள். இன்று நிற்கும் தூண் நாளை நிற்கும் என்று சொல்ல முடியாத நிலை அது. பல்லாடியோ அளவுகோலோடு ஒவ்வோர் இடிபாட்டுக்கும் சென்றார். தூணடியின் அகலம், தலையின் உயரம், விளிம்பு நீண்டிருக்கும் தூரம் ஆகியவற்றை அளந்து, தாளில் வரைந்து, எண்களைக் குறித்தார். தம் ஊரில் வழங்கிய விச்சென்சா அடியையே அவர் அளவாகக் கொண்டார். அதன் பிறகும் பலமுறை ரோமுக்குச் சென்றார். கடைசியாக 1554இல் சென்றார். அவர் வரைந்தவற்றுள் சில கட்டடங்கள் இன்று இல்லை. அவருடைய தாள்களில்தான் அவை எஞ்சியிருக்கின்றன.

அளக்க அளக்க, அவருக்கு ஒன்று புலப்பட்டது. பழைய கலைஞர்கள் விதியை அப்படியே பின்பற்றவில்லை. ஒரே வகைத் தூண்கூட ஒரு கோயிலில் சற்று உயரமாகவும், மற்றொன்றில் சற்றுக் குட்டையாகவும் இருந்தது. விதி தெரிந்தவர்கள்தாம் அதை அளவோடு மீறியிருந்தார்கள்.

இதற்கிடையில், விச்சென்சாவில் ஒரு பெரிய பொறுப்பு காத்திருந்தது. நகரின் நடுவில் பழைய மன்ற மாளிகை ஒன்று இருந்தது. அதைச் சுற்றிக் கட்டப்பட்ட தாழ்வாரத்தின் ஒரு பகுதி 1496இல் இடிந்து விழுந்தது. அதை மீண்டும் கட்டுவது எப்படி என்று நகர மன்றம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆலோசித்தது! இத்தாலியின் புகழ்பெற்ற கலைஞர்களான சன்சொவினோ, செர்லியோ, ஜூலியோ ரோமானோ ஆகியோரிடமும் கருத்துக் கேட்டது. 1546இல் பல்லாடியோவும் தம் வரைபடத்தை முன்வைத்தார். அதுவரை பெரிய பொதுக் கட்டடம் எதையும் அவர் கட்டியதில்லை. மன்றத்தினர் பார்த்து முடிவு செய்வதற்காக, ஒரு வளைவின் மாதிரி மரத்தால் செய்து வைக்கப்பட்டது. 1549இல் மன்றம் பல்லாடியோவின் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. மாதம் ஐந்து டுகாட் பொற்காசு சம்பளம் என்று முடிவானது. ஊரைவிட்டு ஊர் ஓடி வந்த சிறுவனிடம், ஐம்பது ஆண்டுகளாகத் தீராத சிக்கலை அவ்வூர் ஒப்படைத்தது. மறுபடியும் இடிந்து விழுந்தால் அந்த அவமானம் அவரோடு போகாது. அவரை நம்பியவர்களையும் சேரும்.

அந்த மாளிகையில் என்ன சிக்கல்? அது வெவ்வேறு காலத்துக் கட்டடங்களை இணைத்து எழுப்பப்பட்டது. அடியில் தெருக்கள் ஊடுருவிச் சென்றன. மூலைகள் நேராக இல்லை. இரு தூண்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி ஓரிடத்தில் அகலமாகவும், ஓரிடத்தில் குறுகலாகவும் அமைந்தது. வளைவுகளை இடைவெளிக்கு ஏற்பப் பெரிதும் சிறிதுமாகக் கட்டினால், கட்டடம் கோணலாகத் தெரியும். பல்லாடியோ எல்லா வளைவுகளையும் ஒரே அளவில் அமைத்தார். ஒவ்வொரு வளைவையும் சிறு தூண்கள் தாங்கின. அச்சிறு தூண்களுக்கும் வெளியே நின்ற பெரிய அரைத்தூண்களுக்கும் நடுவில் குறுகிய திறப்புகளை விட்டார். இடைவெளி கூடவோ குறையவோ செய்தால், அந்தக் குறுகிய திறப்புகள் மட்டுமே சற்று விரியும் அல்லது சுருங்கும். கண் வளைவுகளைத்தான் பார்க்கும்; திறப்புகளின் வேறுபாடு கண்ணில் படாது. வளைவும் இருபுறத் திறப்புகளும் சேர்ந்த இந்த அமைப்பு அவர் கண்டுபிடித்ததன்று. செர்லியோ அதைத் தம் நூலில் ஏற்கெனவே படமாக வெளியிட்டிருந்தார். ஆயினும், கோணல் கட்டடத்தை நேராகக் காட்ட அது உதவும் என்று செய்துகாட்டியவர் பல்லாடியோ.

கீழ்த்தளத்தில் டோரிக் தூண்களையும் மேல்தளத்தில் அயோனிக் தூண்களையும் நிறுத்தினார். தடித்தது கீழே தாங்க வேண்டும். மெலிந்தது மேலே அமர வேண்டும் என்பது தூண்முறையின் இயல்பு. டோரிக் தூண்களின் மேல் உள்ள பட்டையில் வட்டத் தட்டும் காளையின் மண்டையோடும் மாறி மாறிச் செதுக்கப்பட்டன. பழங்காலக் கோயில்களில் பலியிடப்பட்ட காளைகளின் நினைவு அது. அந்த வெள்ளைக்கல் தாழ்வாரம் இன்று பசிலிக்கா என்று அழைக்கப்படுகிறது.

1550இல் திரிசினோ காலமானார். அதற்குள் பல்லாடியோ தம் சொந்தக் காலில் நின்றுவிட்டார். வெனிஸ் நகரச் செல்வந்தர்கள் கடல் வணிகத்தோடு விவசாயத்திலும் பணம் போடத் தொடங்கிய காலம் அது. அவர்களுக்குப் பண்ணை நடுவே வீடுகள் தேவைப்பட்டன. தானியக் கிடங்கும் மாட்டுத் தொழுவமும் அருகிலேயே இருக்க வேண்டும், வீடும் மதிப்பாகத் தோன்ற வேண்டும், செலவோ மிகக்கூடாது. பல்லாடியோ பளிங்கைத் தேடிப் போகவில்லை. செங்கற்களை வட்டமாக அடுக்கித் தூண்களை எழுப்பி, அவற்றின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசச் செய்தார். அளவு சரியாக இருந்ததால் செங்கல் தூணும் பளிங்குத் தூணைப் போலவே கம்பீரமாக நின்றது.

அவ்வீடுகளின் முன்புறத்தில் கோயில்களுக்கு உரிய தூண்வரிசையையும் முக்கோண முகப்பையும் வைத்தார். பழைய ரோமானியர்கள் தங்கள் வீடுகளுக்கும் அப்படித்தான் முகப்பு வைத்திருப்பார்கள் என்று அவர் நம்பினார். பிற்கால ஆய்வுகள் அந்த நம்பிக்கை தவறு என்று காட்டின. ஆனால், அந்தத் தவறிலிருந்து பிறந்த வீடுகளைக் குறை சொல்பவர் குறைவு. அவற்றுள் புகழ்பெற்றது விச்சென்சாவுக்கு வெளியே ஒரு குன்றின்மேல் நிற்கும் ரொதொந்தா. 1560களில் தொடங்கப்பட்ட அம்மாளிகை நான்கு பக்கமும் ஒரே மாதிரியானது. ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு அயோனிக் தூண்கள், நடுவில் வட்டக் கூடம், அதன்மேல் குவிமாடம். எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தாலும் அதுவே முன்வாசல்!

கற்றதை மற்றவருக்கும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு நெடுநாளாக இருந்தது. 1556இல் டானியேலே பார்பரோ என்ற அறிஞர் விட்ருவியஸின் நூலை இத்தாலிய மொழியில் விளக்கத்தோடு வெளியிட்டபோது, அதற்குப் பல படங்களை வரைந்து கொடுத்தார். பிறகு, 1570இல் வெனிஸ் நகரில் அவருடைய சொந்த நூல் அச்சேறியது. கட்டடக் கலை பற்றிய நான்கு நூல்கள் என்பது அதன் பெயர். அதை லத்தீனில் அவர் எழுதவில்லை. மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். நீளமான சொற்களைத் தவிர்ப்பதாகவும், கைவினைஞர்கள் அன்றாடம் வழங்கும் பெயர்களையே பயன்படுத்துவதாகவும் நூலின் தொடக்கத்திலேயே தெரிவித்தார்.

அந்தப் பெயர்கள் பட்டறையின் பெயர்கள். தூணடியில் உருண்டிருக்கும் வளையத்துக்குக் கோல் என்று பெயர். வளைந்து புடைத்திருக்கும் ஒரு பகுதிக்கு முட்டை என்று பெயர். விளிம்புக்குக் கீழே வரிசையாக நிற்கும் சிறு கட்டைகள் சின்னப் பற்கள். உள்வாங்கி வெளிவளையும் பகுதி தொண்டை. பதின்மூன்று வயதில் கல்தூசிக்கு நடுவே கேட்ட பேச்சு, கற்றோர் கையில் தவழும் நூலில் இடம்பெற்றது. ஒவ்வொரு தூணையும் பெரிதாக வரைந்து, உறுப்புகளுக்கு எழுத்துக் குறி இட்டு, பக்கத்தில் பெயரை எழுதினார். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்தக் கொத்தனாரும் படத்தையும் பெயரையும் பொருத்திப் பார்த்துவிடலாம்.

அளவுகளையும் அப்படியே எளிமையாக்கினார். அடி, அங்குலம் என்று சொன்னால் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஆகவே, தூணின் அடிப்புறத் தடிமனையே அளவாகக் கொண்டார். அடி முதல் தலை வரை, டஸ்கன் தூணின் உயரம் அந்தத் தடிமனைப் போல ஏழு மடங்கு. தனித்து நிற்கும் டோரிக் தூண் ஏழரை அல்லது எட்டு மடங்கு. சுருள் கொம்புகளைப் போன்ற தலையுடைய அயோனிக் ஒன்பது மடங்கு. அகாந்தஸ் இலைகள் சூழ்ந்த கொரிந்தியன் ஒன்பதரை மடங்கு. இலையும் சுருளும் சேர்ந்த கலப்புத் தூண் பத்து மடங்கு. தூண்முறைகள் ஐந்து என்று வரிசைப்படுத்தியவர் அவரல்லர். செர்லியோவும் விஞ்ஞோலாவும் முன்பே அதைச் செய்திருந்தனர். ஆயினும், பல்லாடியோவின் நூல் வெகுதூரம் பயணம் செய்தது. தாம் கட்டிய வீடுகளின் வரைபடங்களையும் ரோமில் அளந்த கோயில்களையும் அவர் அதே நூலில் சேர்த்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். விதியைப் படித்தவர் அடுத்த பாகத்தில் அது வீடாக நிற்பதைப் பார்க்கலாம்.

புகழ் வந்த அதே வேளையில் துயரமும் வந்தது. 1572இல் லெயோனிதா, ஒராசியோ என்ற இரு மகன்களையும் அவர் இழந்தார். மேலும் பல பாகங்கள் எழுத வேண்டும் என்று அவர் திட்டமிட்டிருந்தார். அவை வெளிவரவே இல்லை. ஆயினும், கட்டடப் பணி நிற்கவில்லை. வெனிஸைக் கொள்ளைநோய் தாக்கிப் பல்லாயிரம் பேர் மாண்டபோது, நோய் நீங்க வேண்டி ஒரு தேவாலயம் கட்டுவதாக அந்நகரம் நேர்ந்துகொண்டது. 1577இல் அந்தப் பணி தொடங்கியது. நீர்ப்பரப்பை நோக்கி நிற்கும் அந்த ரெதெந்தோரே தேவாலயம் பல்லாடியோவின் படைப்பு.

அவருடைய கடைசிப் பணி ஒரு நாடக அரங்கம். விச்சென்சாவின் கற்றோர் கழகம் ஒன்று அதைக் கேட்டது. அக்கழகத்தில் பல்லாடியோவும் உறுப்பினர். கல்தச்சராக ஊருக்குள் வந்தவர், அவ்வூர்ப் பெருமக்களோடு ஒரே அவையில் அமர்ந்திருந்தார். ரோமானிய அரங்கங்களைப் போன்ற ஒன்றைக் கூரைக்குக் கீழே அமைக்க அவர் வரைபடம் தயாரித்தார். மேடையின் பின்சுவர் முழுவதும் தூண்களும் சிலைகளும் நிறைந்தது. 1580இல் பணி தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் பல்லாடியோ மறைந்தார். அவருடைய மகன் சில்லாவும் அதன்பின் ஸ்கமோசி என்ற கலைஞரும் வேலையைத் தொடர்ந்தனர். 1585இல் பழைய கிரேக்க நாடகம் ஒன்றோடு அரங்கம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. பசிலிக்காவின் தாழ்வாரமோ முழுமையாகக் கட்டி முடிய 17ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

நூல் தன் வழியில் சென்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த இனிகோ ஜோன்ஸ், 1613இலும் 1614இலும் இத்தாலியில் பயணம் செய்தபோது அதைக் கையோடு எடுத்துச் சென்றார். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் நின்று, நூலில் உள்ளதோடு ஒப்பிட்டு, பக்க ஓரங்களில் குறிப்பு எழுதினார். ரோமில் விட்ருவியஸின் நூலைக் கட்டடங்களோடு ஒப்பிட்ட பல்லாடியோவைப் போலவே அவரும் செய்தார். இங்கிலாந்திலிருந்து இந்த முறை அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. அயர்லாந்தில் பிறந்த ஜார்ஜ் கோல்மன் 19ஆம் நூற்றாண்டில் அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். 1835இல் அவர் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் ஹில் ஸ்திரீட்டில் உள்ளது. வெயிலையும் மழையையும் தடுக்கும் அதன் முகப்புகளில் டோரிக் தூண்கள் நிற்கின்றன. செங்கல்லால் கட்டிச் சாந்து பூசிய தூண்கள் அவை.